சோப்புப் பெட்டிக் கீபோர்ட்

அந்தப் போனின் பாஸ்வேர்டைக் களவெடுப்பது என்று இன்பமலர் முடிவு செய்தபோது காலை ஒன்பதரை மணி.

உட்துறைமுக வீதியில், மூதூர்ப் படகுகள் வந்து கட்டும் இறங்குதுறைக்கு எதிரே சரீப்பின் போன் திருத்தும் கடை. இரண்டு வருடமாக அங்கே ரசீது எழுதுகிறவள் அவள். ஐம்பது வயது. இதுநாள்வரை கடையிலிருந்து ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

போனைக் கொண்டுவந்தவன் பெயர் ஜெனிஸ்டன். கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தான்.

"அண்ணே, டச் செத்துப் போச்சு. உள்ளுக்க ஒரு நம்பர் இருக்கு, இண்டைக்கே வேணும். நாலு மணி பஸ்ஸில கொழும்புக்குப் போறன்."

"டச் வர பத்து நாள் செல்லும்" என்றான் சரீப்.

"சாம்பல்தீவில ஆருக்கோ கீபோர்ட் செய்து குடுத்தீங்களாமே?"

சரீப் சிரித்தான். உண்மைதான். கயிறு இழுத்து இழுத்து மரத்துப்போன ஒரு மீனவரின் விரல்களை போன் திரை மதிக்கவேயில்லை. சரீப் பழைய கம்ப்யூட்டர் கீபோர்ட் ஒன்றை அறுத்து, வேண்டிய விசைகளை மட்டும் எடுத்து, விரலளவு சர்க்கியூட் பலகை ஒன்றோடு பொருத்தி, சோப்புப் பெட்டிக்குள் அடக்கிவிட்டான். வயரைப் போனில் செருகித் தட்ட வேண்டியதுதான். அந்த மனுசன் இப்போது பேரப்பிள்ளைகளுக்குக் கடிதம் மாதிரி நீளமாக எழுதி அனுப்புகிறாராம்.

"மூண்டு மணிக்கு வாங்க" என்றான் சரீப்.

இன்பமலர் போனைத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் நேரமெடுத்துத்தான் பார்த்தாள். பிறகு ரசீதில் எழுதினாள்: 'அடையாளம் - பின்பக்க மூலையில் சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி.'

"உங்கட போன்தானே, தம்பி?"

"வேற ஆற்ற? கனகாலமா என்னட்டத்தான் இருக்கு."

"அப்ப இதில ஒரு கையெழுத்து."

அவன் பேனாவைச் சுழற்றி, கீழே கோடெல்லாம் இழுத்துக் கையெழுத்து வைத்தான்.

அவன் தெருவைக் கடக்கும்வரை பார்த்திருந்துவிட்டு அவள் கேட்டாள்: "சரீப், உன்ர அந்தச் சின்னப் பலகை, தட்டுறதையெல்லாம் ஞாபகம் வைச்சிருக்குமோ?"

"சொல்லிக் குடுத்தா வைச்சிருக்கும்."

"சொல்லிக் குடு."

சரீப் ஈயம் பற்றவைக்கும் சோல்டர் கோலைக் கீழே வைத்தான். "அந்தாள்ர பாஸ்வேர்டா? அது களவு அக்கா."

"ஓம், களவுதான்."

"ஏலாதக்கா. வெளிய தெரிஞ்சா நம்மட கடையில ஆர் போனைத் தருவாங்க?"

"உள்ளுக்க எனக்கு ஒரு சாமான் வேணும். என்ர போனில இருந்தது அழிஞ்சு போச்சு. நாலு மணி பஸ்ஸோட அது போயிடும். ஏன் எண்டு பின்னேரம் சொல்றன். நான் உன்னட்ட இதுவரைக்கும் என்ன கேட்டனான்?"

சரீப் யோசித்துப் பார்த்தான். மின்விசிறியைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பச் சொல்லி ஒருமுறை கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அவன் சோல்டர் கோலை மறுபடி எடுத்தான்.

மூன்று மணிக்கு ஜெனிஸ்டன் வந்தான். பச்சை நிறச் சோப்புப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தான். ஆனால் கெட்டிக்காரன். இருவருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் இலக்கங்களைத் தட்டினான். போன் திறந்தது. வேண்டிய நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு, திரையை அணைத்துவிட்டே திருப்பிக் கொடுத்தான்.

"மூடியில பசை காயோணும். பத்து நிமிசம், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றான் சரீப். அவனுக்குக் காதோரம் வேர்த்து வழிந்தது.

ஜெனிஸ்டன் பக்கத்துத் தேநீர்க் கடைக்குப் போனான். டவுனுக்குள் ஆடுமாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று வாசலில் நிற்க, அதற்கு வாழைப்பழத் தோலைக் கொடுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

பலகை ஞாபகம் வைத்திருந்த நான்கு இலக்கங்களை சரீப் ஒரு துண்டில் எழுதி நீட்டினான். இன்பமலர் தட்டினாள். போன் திறந்தது. அவள் பணம், வங்கி என்று எதையும் தேடவில்லை. சோப்புப் பெட்டியின் அம்புக்குறி விசைகளைத் தட்டித் தட்டிப் பழைய ஒலிப்பதிவுகளுக்குப் போனாள். கீழே, இன்னும் கீழே. ஒன்றில் நின்றாள். ஒன்பது செக்கன். அதைத் தன் போனுக்கு அனுப்பினாள். பிறகு காதில் வைத்துக் கேட்டாள். மெல்லச் சிரித்தாள்.

இதை வைத்து அவனை மிரட்டப் போகிறாளா? சரீப் தேநீர்க் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"இவ்வளவுதானா அக்கா?"

"இவ்வளவுதான். இனிப் பொலிசுக்குப் போன் எடுக்கலாம், இதை அவங்கள் கொண்டுபோனாலும் பரவாயில்லை."

சரீப் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். அவளோ அதற்குள் கதைக்கத் தொடங்கியிருந்தாள்.

"சார்ஜன், நான் இன்பமலர். ஓம், ரெண்டு வருசமா வந்து கேட்டுக்கொண்டிருக்கிற அதே இன்பமலர்தான். கெதியா வாங்கோ, ஆள் இங்கதான் நிக்கிறார்."

"அக்கா, நீங்க சொல்லித்தானே செஞ்ச நான்? என்னையா பிடிச்சுக் குடுக்கப் போறீங்க?"

ஜெனிஸ்டன் கையெழுத்து வைத்த ரசீதை இன்பமலர் சரீப்பின் முன்னால் தள்ளிவிட்டு, அந்த ஒன்பது செக்கனைச் சத்தமாகப் போட்டாள். ஒரு ஆணின் குரல், சந்தை இரைச்சலுக்கு நடுவே: "இன்பம், கத்தரிக்காய் முடிஞ்சுதாம். வெண்டிக்காயோட வாறன். திட்டாதே."

இரண்டு வருடத்துக்கு முன் எதிரே அந்த இறங்குதுறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, பிறகு எழும்பாமலே போன லெஸ்லியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய கூட்டத்தில் எவனோ ஒருவன் சட்டைப் பையிலிருந்து உருவிக்கொண்ட போனில், தன்னுடையதோடு மாறிப்போகாமல் இருக்க அந்தச் சிவப்புப் புள்ளியை வைத்தவள், லெஸ்லியின் மனைவி இன்பமலர்தான்.