மெனுவின் அடிவரிசை

குறிப்பெழுத அவர் உருவாக்கிய எடிட்டர் மென்பொருளை உலகத்தில் இரண்டே பேர் பயன்படுத்தினார்கள். ஒருவர் அவர். இன்னொருவர், வேறு வழியில்லாமல், அவருடைய மனைவி.

மெனுவில் ஒரு தலைப்புக்குள் வரும் உள்தலைப்புகளை அவரவர் விருப்பப்படி வரிசைப்படுத்தும் வசதியைப் போன மாதம்தான் சேர்த்திருந்தார். அது வேலை செய்கிறதா என்று பார்க்க மனைவியின் கணினியில் மெனுவைத் திறந்து, மேலிருந்து படித்தார்.

அவள் தினமும் யாருக்காகவெல்லாம் வேண்டுகிறாள் என்று குறித்து வைத்திருந்த ‘பிரார்த்தனை’ என்ற தலைப்புக்குள் மாடிவீட்டு நர்ஸ், தபால்காரர், இருமுகிற தெருப்பூனை என்று பத்துப் பேர். கடைசியில்தான் ‘இவர்’.

“பூனைக்கும் கீழயா நான்?”

“அது ராத்திரியெல்லாம் இருமுதுங்க, பாவம்.”

“இருபது வருஷமா உன்னோட குடும்பம் நடத்துறேன். இந்த வரிசையை நீயேதான் வச்சியா?”

“ஆமா. ஒவ்வொண்ணா இழுத்து வச்சேன்.”

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“ஏங்க, உங்க மெனு எங்கிருந்து திறக்குது?”

“திரையோட அடியிலிருந்து மேல...” பாதியில் நிறுத்தினார்.

“மவுஸ் அம்பு முதல்ல வந்து நிக்கிறது அடியிலதான். தினமும் உங்களைத் தொட்டுட்டுத்தான் மத்தவங்ககிட்ட போறேன். செஞ்சவருக்கே இது தெரியலைன்னா எப்படி?”

அசடு வழியத் தன் அறைக்குப் போய், தன்னுடைய பிரார்த்தனைப் பட்டியலைத் திறந்தார். முதுகுவலி, பதவி உயர்வு, மென்பொருள். அவள் பெயரே இல்லை.

சத்தமில்லாமல் அதைத் தட்டச்சு செய்து, அடியில் இழுத்து வைத்தார். அவளுக்கு அடுத்து மேலே, பூனையையும் சேர்த்துக்கொண்டார்.