உறங்கும் சூசையப்பர்

காற்று சரியில்லை என்று கரையில் பேசிக்கொண்டார்கள். கிளீட்டஸ் கடலுக்குப் போகலாமா என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, உறங்கும் சூசையப்பர் சுரூபத்தின் அடியில் வைத்தாள் அவன் மனைவி பிரகாசி. இயேசுவை வளர்த்த தகப்பன்; கனவிலேயே தேவதூதன் வழி சொல்லக் கேட்டவர் அவர். கேட்டால் சொல்லாமல் இருக்கமாட்டார். அன்றிரவு அவளுக்குக் கனவே வரவில்லை. வெகுகாலத்துக்குப் பிறகு அசையாமல் உறங்கினாள். அந்த நிம்மதியைத்தான் பதிலாக எடுத்துக்கொண்டாள். தயங்கி நின்ற கணவனை, "பயப்படாம போங்க, நான் கேட்டாச்சு" என்று அவளே அனுப்பிவைத்தாள்.

வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். கிளீட்டஸைத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல வந்த பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். படுத்திருக்கும்படியே செய்யப்பட்ட அந்தச் சுரூபத்தைப் பிரகாசி நேராக நிமிர்த்திப் பிடித்திருந்தாள்.

"கொஞ்சம் கண்ணசரு மக்கா. எல்லாத்தையும் ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

பிரகாசி திரும்பவில்லை. "ஒம்ம நம்பித்தானே ஒறங்குனேன்" என்றாள் சுரூபத்திடம். "எழும்பும்."

கையை எடுத்தாள். சூசையப்பர் ஒரு கணம் நின்றார். பிறகு சாய்ந்து, அந்தத் துண்டுத்தாளின் மேலேயே பழையபடி படுத்துக்கொண்டார்.