பதில் பாட்டு

"உன் பாட்டு நாடகத்தை அப்படியே படமாக்கறேன், தயாளன். ஒரு இடம் மட்டும் மாறணும்" என்றார் இயக்குநர், திருப்பதி ஓட்டல் அறையில். "புருஷன் நாலு தரம் கூப்பிட்டுப் பாடறான். உள்ளேருந்து பெண்டாட்டி பதிலே பாடலை. அங்க ஒரு பாடகியைப் பாட வைக்கறேன்."

"எவளும் பாடக்கூடாது."

"ஜனம் இன்னும் சிரிக்கும்யா."

தயாளன் ஒப்பந்தத்தைக் கிழித்து அவர் முன்னால் வீசிவிட்டு வெளியேறினான்.

"இன்னா திமிர் இவனுக்கு?" என்றார் இயக்குநர்.

தயாளனோடு வந்திருந்த ஆர்மோனியக்காரர் சிட்டிபாபு சொன்ன பதில் வராந்தாவரை கேட்டது.

"நகரியில இந்த நாடகத்தோட முதல் ஆட்டம் சார். திரைக்குப் பின்னாலருந்து இவன் சம்சாரம் ஸ்வர்ணலதாதான் பதில் பாடணும். பாடல. இவன் கூப்பிட்டுக்கினே இருந்தான், ஜனம் சிரிச்சிக்கினே இருந்துது. வேணும்னே வம்பு பண்றாள்னு இவனும் சிரிச்சான். நாலாவது தரம் திரையை விலக்கிப் பார்த்தா, மைக்கைப் புடிச்சபடியே கரண்ட் அடிச்சு செத்துக் கெடந்தா."