நூறில் ஒன்பது பங்கு

பலகையில் நேரம் விழுந்தது.

இரண்டு நிமிடம், பதினேழு புள்ளி ஐந்து பூஜ்யம்.

மேடையில் ஜெயசீலி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். ஒரு நொடியில் நூறில் ஒன்பது பங்குதான் அதிகம். கண் இமைப்பதைவிடக் குறைவு.

குளத்தில் அந்தப் பெண் சுவரைப் பிடித்தபடி பலகையைப் பார்த்தாள். பெயர் சுகிர்தா. பதினேழு வயது. தேசிய சாதனையை முறியடித்தால்தான் உலகப் போட்டிக்கு அனுப்புவோம் என்று நீச்சல் சம்மேளனம் எழுதிக் கொடுத்திருந்தது.

மேடையில் கைதட்டல் எழுந்தது.

தட்டியவர் சம்மேளனச் செயலர் சடகோபன். மைக்கைப் பிடித்தார்.

"பதினஞ்சு வருஷமா யாராலயும் அசைக்க முடியல. இருநூறு மீட்டர் பேக்ஸ்ட்ரோக், நம்ம ஜெயசீலி மேடத்தோட ரெக்கார்ட். இதோ இன்னிக்கும் நிக்குது."

ஜெயசீலி எழவில்லை. ஒரு குழந்தை தோற்றதற்குக் கைதட்டும் இந்த மனிதரை அவளுக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும்.

ரோம் உலகப் போட்டி, இரண்டாயிரத்து ஒன்பது. அணியின் மேலாளர் என்று அவர் வந்திருந்தார். அவள் நீந்திய காலையில் தோல் பை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, தான் பயிற்சி கொடுத்த பெண் என்று பத்திரிகைக்குச் சொன்னார்.

புது வகை நீச்சல் உடையை முந்தின நாள்தான் கொடுத்தார்கள். ரப்பர் மாதிரி ஒன்று. இரண்டு பேர் இழுத்து மாட்ட முப்பத்தைந்து நிமிடம் ஆனது. விரல் முட்டியில் தோல் உரிந்தது.

தண்ணீரில் இறங்கியதும் இடுப்பு தானாக மேலே வந்தது. கால் உதைக்க மறந்தாலும் மிதந்திருப்பாள்.

இரண்டு நிமிடம், பதினேழு புள்ளி நான்கு ஒன்று. ஆரம்பச் சுற்றிலேயே வெளியேறினாள். ஆனால் தேசிய சாதனை.

அந்த எட்டு நாளில் நாற்பத்து மூன்று உலக சாதனைகள் விழுந்தன. அடுத்த ஜனவரியில் அந்த உடைகளைத் தடை செய்தார்கள். சாதனைகளை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அதன்பின் மூன்று வருடம், சாதாரண நீச்சல் உடையில், அவளால் தன் நேரத்தின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை.

சோம்பேறி ஆகிவிட்டாள் என்றார்கள். சடகோபனும் சொன்னார்.

அவளே அதை நம்பினாள். அதுதான் இன்றும் கூசுகிறது.

சாதனையை நீக்கச் சொல்லிச் சம்மேளனத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. விதியில் இடமில்லை.

இப்போது பரிசளிப்பு. வெள்ளிக் கோப்பை ஒன்றை அவள் கையில் திணித்து, சுகிர்தாவிடம் கொடுக்கச் சொன்னார்கள்.

"வருத்தப்படாதம்மா," என்றாள் ஜெயசீலி. சொன்னதுமே அந்த வார்த்தை அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சுகிர்தா கோப்பையை வாங்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அந்த சூட் இல்லாம உங்க பெஸ்ட் டைம் என்ன?"

இதுவரை யாரும் கேட்டதில்லை. பத்திரிகைக்காரர்களும் கேட்டதில்லை.

"ரெண்டு பத்தொன்பது புள்ளி ஆறு."

சுகிர்தா ஒரு நொடி கணக்குப் போட்டாள்.

"அப்ப நான் ஒன்பதாவது படிக்கும்போதே உங்களத் தாண்டிட்டேன்."

குரலில் கோபம் இல்லை. மரியாதையும் இல்லை.

ஜெயசீலிக்கு மார்பில் எதுவோ இளகியது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மைக்கிடம் போனாள்.

"என் நேரம் ரெண்டு பத்தொன்பது புள்ளி ஆறு. மிச்சமெல்லாம் ரப்பர். இந்தப் பொண்ணு என்னை எப்பவோ ஜெயிச்சாச்சு."

அரங்கம் முழுக்கக் கைதட்டியது.

"என்ன ஒரு தன்னடக்கம் பாருங்க," என்றார் சடகோபன்.

அவரிடம் இனிப் பேசிப் பயனில்லை. ஜெயசீலி படியிறங்கி நேராகத் தலைமை நடுவரிடம் போனாள். அந்த அம்மாள் விதிப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார்.

"மேடம், டைம் ட்ரயல் கேட்டா குடுக்கணும்ல?"

"பயிற்சியாளர் எழுதிக் கேட்டா குடுக்கலாம். நாளைக்குக் காலைல, போட்டி முடியறதுக்கு முன்னாடி. தனியாத்தான் நீந்தணும். ஆனா அந்த நேரம் ரெக்கார்டுக்குச் செல்லுபடியாகும்."

சுகிர்தாவின் பயிற்சியாளர் அங்கேயே நின்று எழுதினார். பேனா ஜெயசீலியுடையது.

மறுநாள் ஏழரை மணி. அரங்கில் முப்பது பேர்கூட இல்லை. சடகோபன் காபிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார். அத்தனை இருக்கை காலியாக இருந்தும், ஜெயசீலிக்குப் பக்கத்திலேயே.

நடுவில் நான்காம் தடத்தில் சுகிர்தா. பக்கத்தில் யாரும் இல்லை. துரத்த ஆள் இல்லை, துரத்தப்படவும் இல்லை.

முதல் நூறு மீட்டர் மெதுவாகப் போனது போலிருந்தது. ஜெயசீலியின் நகம் உள்ளங்கையில் பதிந்தது. மூன்றாவது திருப்பத்தில் சுகிர்தா தண்ணீருக்கடியில் நீண்ட நேரம் இருந்தாள். வெளியே வந்தபோது கைகள் வேறு வேகத்தில் சுழன்றன.

சுவரைத் தொட்டாள்.

இரண்டு நிமிடம், பதினாறு புள்ளி ஒன்பது எட்டு.

பயிற்சியாளர் செருப்போடு தண்ணீரில் குதித்தார்.

சடகோபன் காபியைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், துக்க வீட்டில் பேசுவது போல.

"கஷ்டமாத்தான் இருக்கும், இல்ல மேடம்?"

"பதினஞ்சு வருஷமா இருந்துச்சு சார்," என்றாள்.