காய்ந்த பிரஷ்

"என் பையன் இங்கேயே, என் தங்கச்சி வீட்டுலதான் இருக்கான்," என்றாள் லொரெய்ன். விவாகரத்துக்குப் பிறகு, இந்தப் புறநகரின் வாடகை கட்டுப்படியாகாமல் கிளீவ்லாண்ட் நகருக்குள் குடிபோனவள்.

பள்ளி அலுவலர் ஒடெசா விண்ணப்பத்தை மூடினாள். "இந்த ஊர்ல குடியிருக்கிற பிள்ளைங்களுக்குத்தான் இங்க இடம். ஒரு நாள் காலைல அந்த வீட்டுக்குச் சொல்லாம வந்து பார்ப்போம் மேடம். அவன் நிஜமா அங்கதான் தங்குறான்னா, பல் தேய்க்கிற பிரஷ் ஈரமா இருக்கணும்."

"பிரஷ்ஷா? எந்தக் கிறுக்கு போட்ட விதி இது?"

"நீங்கதான். பள்ளிக் குழுத் தலைவியா இருந்தப்போ."

லொரெய்ன் முகம் வெளுத்தது. "அது... நகரத்துப் பிள்ளைங்க திருட்டுத்தனமா வந்து சேரக் கூடாதுன்னு..."

"தெரியும். நான் இங்க படிச்சப்போ, எங்க அத்தை வீட்டுல என் பிரஷ்ஷை நீங்களே தொட்டுப் பார்த்தீங்க. காஞ்சு கிடந்துச்சு. அன்னைக்கே என்னைப் பள்ளியை விட்டுத் துரத்திட்டீங்க."

ஒடெசா புன்னகைத்தாள்.

"உங்க தங்கச்சி வீட்டுக்கும் நானே வர்றேன் மேடம். என்னைக்குன்னுதான் சொல்ல மாட்டேன்."