ரெண்டு நிமிஷ வேலை

“முடியாது சார். ஆளை ஏத்தித் தூக்க மாட்டேன்.”

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அக்கா சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மொத்த குடோனும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம். கூரையோரம் ஒரு கேமரா செத்துக் கிடந்தது. மறுநாள் தலைமை அலுவலகத்துப் பெரிய ஆட்கள் வருகிறார்கள். சரக்கு அடுக்கும் பேலட் பலகை மேல் எலக்ட்ரீஷியனை நிற்கவைத்து, வண்டியால் மேலே தூக்கினால் தீர்ந்தது. அதற்குத்தான் இத்தனை அழிச்சாட்டியம்.

“ரெண்டு நிமிஷ வேலை. உன்னை என்ன மலையையா பெயர்க்கச் சொன்னேன்?”

“ஆளைத் தூக்குறதுக்குன்னே வண்டி இருக்கு சார். சுத்தி கம்பி போட்டு இருக்கும். அதை வாடகைக்கு வரச் சொல்லுங்க. இது மூட்டை தூக்குற வண்டி.”

“ஆமா, வண்டிக்கு ஜாதகம் எழுதினவளே நீதான்!”

எல்லோரும் சிரித்தார்கள். எலக்ட்ரீஷியன் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தான்.

அவனுக்கும் அவளைக் கண்டால் ஆகாது. குடோனில் அவளுக்குப் பெயரே ஹார்ன் அக்காதான். திருப்பத்துக்குத் திருப்பம் ஹார்ன். வண்டி பின்னால் வரும்போது எவனாவது போனை நோண்டிக்கொண்டு நின்றால் கத்தல். தூக்கிய சரக்குக்கு அடியில் குனிந்து போனவனுக்கு, பரம்பரைக்கே சேர்த்துத் திட்டு. ‘இவ்வளவு பயம் இருக்கிறவ வீட்டுல தையல் மிஷின் ஓட்ட வேண்டியதுதானே’ என்று அவள் காதுபடவே பேசியவன் அவன்.

மேனேஜர் அவன் தோளில் கை போட்டார்.

“இவனைப் பாரு! ஏறப்போறவனே கல்லு மாதிரி நிக்கிறான், உனக்கு ஏன் உதறுது? இவன் எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி. இவனுக்கு ஒண்ணுன்னா நான் சும்மா இருப்பேனா?”

எலக்ட்ரீஷியனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நேற்றுவரை ‘ஏய் வயரு’ என்று கூப்பிட்டவர்!

“தம்பி,” என்றாள் அக்கா, அவனைப் பார்த்து. “மூட்டை விழுந்தா அள்ளிக்கலாம். நீ விழுந்தா?”

“நல்ல வார்த்தையே வாயில வராதாக்கா உங்களுக்கு? வேலை செய்ய உடம்பு வணங்கலைன்னா அதைச் சொல்லுங்க.”

“சபாஷ்!” என்றார் மேனேஜர். “இந்தாம்மா, நாளையிலேருந்து நீ வர வேண்டாம். வீட்டுல உக்காந்து உன் இஷ்டத்துக்கு ஹார்ன் அடி. ஸ்பேர் சாவி என் ரூம்ல இருக்கு. நானே ஓட்டுறேன். நான் ஓட்டாத வண்டியா?”

விறுவிறுவென்று போனார். அக்காவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் வண்டிப் பக்கத்தைவிட்டு அவள் நகரவில்லை.

எலக்ட்ரீஷியன் பேலட் மேல் ஏறி நின்றான். அப்போது கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஜினீயர் ஓடிவந்தார்.

“அண்ணே, இறங்குங்க. கேமரா எந்தப் பக்கம் பார்க்கணும்னு நான்தான் வைக்கணும். நானே ஏறிடுறேன்.”

இரண்டு பேர் நிற்க இடம் பத்தாது. எலக்ட்ரீஷியன் இறங்கிக்கொண்டான். இன்ஜினீயர் தாவி ஏறினார். பலகை முனகியது.

“வேண்டாம் சார், பிடிச்சுக்கக் கூட ஒண்ணும் இல்ல,” என்றாள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

மேனேஜர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வந்தார். போனில் இருந்தவரிடம், “எல்லாம் ரெடி சார், ஒரு குறையும் இருக்காது சார்,” என்று குழைந்தபடியே வண்டியில் உட்கார்ந்தார். பெல்ட் போடவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“ஏறியாச்சாடா?”

“ஏறியாச்சு சார்!” என்று யாரோ கத்தினார்கள்.

லீவரை இழுத்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத் தூக்கியது. ஆள் உயரம். அதற்கும் மேலே. பலகை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது.

“சார், நிறுத்துங்க!” அக்கா அலறினாள்.

“வாயை மூடு!” என்றார் மேனேஜர்.

அப்போது மேலிருந்து குரல் வந்தது.

“மாமா, இன்னும் கொஞ்சம் மேல!”

மேனேஜரின் போன் நழுவித் தரையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். அவர் மகளைக் கட்டியவர், இரண்டு கையையும் விரித்து, கம்பி மேல் நடக்கிறவர்போல் நின்றுகொண்டிருந்தார்.

“ஐயையோ! மாப்பிள்ளை! அசையாதீங்க! அசையாதீங்க மாப்பிள்ளை!”

அங்குலம் அங்குலமாக இறக்கினார். வண்டியிலிருந்து குதித்து ஓடி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தரையில் நிறுத்தினார். மேனேஜரின் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

“என்ன விளையாட்டு மாப்பிள்ளை இது? பிடிச்சுக்க ஒரு கம்பி இருக்கா? கால் பிசகினா என்ன ஆகும்? என் பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

“நீங்கதானே மாமா ஏத்தச் சொன்னீங்க…”

“உங்களையா சொன்னேன்?”

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே கிடந்த போனை எடுத்துத் தட்டிப் பார்த்தார். பிறகு எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினார்.

“நீ ஏறுப்பா. சட்டுபுட்டுனு முடிச்சுடலாம்.”

எலக்ட்ரீஷியன் கருவிப் பையைத் தரையில் வைத்தான். நேராகப் போய் அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

“எனக்கும் ஒரு மாமனார் இருக்கார் சார்.”