சட்டைத் துண்டு ஏலம்

"அப்பா, அந்தத் துணிய மட்டும் ஏலத்துக்கு வைக்கண்டாம்" என்று சர்ச் வாசலிலேயே அப்பாவின் கையைப் பிடித்தாள் ஜெனிலா.

"ஏட்டி, முதல் பலாச்சக்கைய வைக்காங்க, முதல் முட்டைய வைக்காங்க. எனக்க மவ பைலட் ஆனதுக்க அடையாளத்த நான் வைக்கப்பிடாதா?"

"அது உள்ளபடிக்கு..."

"உள்ளபடிக்கு ஒண்ணும் சொல்லண்டாம். உனக்கு அடக்கம் கூடிப்போச்சு."

நேசையன் கையை உதறிவிட்டு உள்ளே ஏலப் பந்தலுக்கு நடந்தார். கக்கத்தில் கண்ணாடி போட்ட சட்டம். அதற்குள் ஒரு வெள்ளைச் சட்டையின் பின்பக்கக் கீழ்த்துண்டு.

அன்று அறுப்பின் பண்டிகை. தோட்டத்தில் முதலில் விளைந்ததைக் காணிக்கையாக வைப்பதும், அதை ஏலம் போடுவதும் சபையின் வழக்கம். வைத்தவரே முண்டியடித்து ஏலத்தில் எடுப்பதும் வழக்கம்தான். கர்த்தருக்குக் கொடுத்தது மாதிரியும் இருக்கும், பொருளும் வீடு திரும்பிவிடும், நாலு பேர் பார்த்ததாகவும் ஆகும்.

"துணிய முதற்பலன்னு சொல்ல முடியுமா?" என்று போதகர் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"மரம் காய்ச்சா சக்கை, மவ பறந்தா சட்டை. அம்புட்டுதான் ஐயா" என்றார் நேசையன். போதகர் சட்டத்தை வாங்கிக் காணிக்கை மேசையில் வைத்தார்.

ஜெனிலா முதன்முதலாகத் தனியாக விமானம் ஓட்டி இறங்கிய அன்று, அவள் படித்த இடத்தில் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரியால் வெட்டினார்கள். செல்போனில் அந்தப் படத்தைப் பார்த்ததும் நேசையன் போலீசுக்குப் போகக் கிளம்பினார். அது முதல்முறை தனியாகப் பறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று மகள் விளக்கியதும், மறுநாளே டீக்கடையில் அதைப் பற்றி வகுப்பெடுக்க ஆரம்பித்தார். விமானத்தைப் பற்றி இத்தனை தெரிந்த ரப்பர் ஷீட் வியாபாரியை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் அவர் வந்தது டீக்கடைப் பெருமைக்காக மட்டும் அல்ல. மகளைப் படிக்க அனுப்பியபோது, பெரியப்பா மகன் ராஜையன் இதே சர்ச் வாசலில் நாலு பேர் கேட்கச் சொல்லியிருந்தார்: "லேய் நேசா, பறக்கப் படிச்சு முடிக்கதுக்குள்ள அவ எவன் கூடயாவது பறந்துருவா, கேட்டியா." அந்த வார்த்தை நேசையனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. இன்று சபைக்கு முன்னால் அண்ணன் தலைகுனிய வேண்டும். அதற்குத்தான் இந்தச் சட்டம், கண்ணாடி எல்லாம்.

சக்கை போனது. ஏத்தன் வாழைக்குலை போனது. ஏலம் விட்ட சுதன் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தான். "அடுத்தது, நம்ம ஜெனிலாக்க சட்டைத் துண்டு."

பெண்கள் பக்கம் சிரிப்புக் கேட்டது. நேசையன் எழுந்துபோய் மைக்கை வாங்கினார்.

"சிரிக்கண்டாம். அந்தக் காலத்து விமானத்துல வாத்தியாரு பின்னால இருப்பாரு. முன்னால இருக்க பிள்ள தப்பு செய்தா சட்டைய பிடிச்சு இழுப்பாரு. பிள்ள படிச்சாச்சு, இனி இழுக்க வேண்டாம்னுதான் அத வெட்டுகது." இப்போது நேராக ராஜையனைப் பார்த்தார். "எனக்க மவ ஒருத்தனுக்க முகத்தையும் ஏறிட்டுப் பாக்காம படிச்சு வாங்கின துணியாக்கும் இது."

ஜெனிலா ஷாலைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நேசையனுக்கு மனம் குளிர்ந்தது.

"நமக்கும் பைக் தொடைக்க ஒரு துணி வேணும்" என்று ராஜையன் ஒரு கோழியின் விலைக்குக் கேட்டார்.

நேசையன் இரண்டு கோழிக்கு ஏற்றினார். இருவரும் விட்டுக்கொடுக்காமல் ஆட்டுக்குட்டி விலைவரை வந்து சேர்ந்தபோது, பந்தலின் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. முன்பின் தெரியாத இளைஞன். அவன் கேட்டது முழு ஆட்டின் விலை.

ராஜையன் வாயை மூடிக்கொண்டார். அதிலேயே நேசையனுக்குப் பாதி வயிறு நிறைந்தது. வீம்புக்கு அவரும் ஏற்றினார், இளைஞனும் அசராமல் ஏற்றினான். கன்றுக்குட்டி விலையைத் தாண்டியதும் மனைவி நேசபாய் எழுந்து வந்து அவர் காதில் சொன்னாள். "இஞ்ச கேளுங்க, கந்தல் துணிக்கு வீட்ட வித்துராதீங்க. அந்தப் பிள்ள கொண்டு போவட்டும்."

யோசித்தால் அதுவும் நல்லதுதான் என்று அவருக்குப் பட்டது. அப்பனே எடுத்தால் ஜம்பம் என்பார்கள். யாரோ ஒருவன் இத்தனை கொடுத்து எடுத்தால் ராஜையன் என்ன சொல்ல முடியும்?

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று சுதன் முடித்து வைத்தான்.

நேசையன் இளைஞனின் தோளில் கைபோட்டு முன்னால் அழைத்து வந்தார். ராஜையனின் நாற்காலிக்கு நேர் எதிரே நிறுத்தினார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கடியப்பட்டணம்."

"கண்டியளா, கடக்கரையில இருந்து ஆளு வந்து எடுத்திருக்கு. இதுக்க அருமை சொந்தக்காரனுக்குத்தான் தெரியல்ல." மைக்கை இளைஞனின் வாயருகே நீட்டினார். "இந்தத் துணிய இவ்வளவு கேட்டு எடுத்தது என்னத்துக்குன்னு எல்லாருக்கும் கேக்குத மாதிரி சொல்லணும் மக்கா. கூச்சப்படண்டாம்."

இளைஞன் கூச்சப்படவில்லை. மைக்கை வாங்கி நன்றாகப் பிடித்துக்கொண்டான்.

"இது எனக்க சட்டையாக்கும் மாமா. வெட்டிருவாங்கன்னு தெரிஞ்சு, ஜெனி அவளுக்க சட்டைய மடிச்சு அலமாரியில வச்சிட்டு, காலையில எனக்கத எடுத்துப் போட்டுட்டுப் போயிட்டா."